பரிசின் மதிப்பை யார் பக்கத்திலிருந்து பார்ப்பது?

பண்டிகைக் காலத்து ரசீதுகளின் அடியில் ஒரு வரி தவறாமல் அச்சாகி வருகிறது: இன்று நீங்கள் சேமித்தது இவ்வளவு. பல ரசீதுகளில் அது செலவழித்த தொகையைவிடத் தடித்த எழுத்தில் இருக்கும். எதிலிருந்து எதைக் கழித்து அந்தத் தொகை வந்தது என்று பார்த்தால், கடை தானே எழுதிய ஒரு விலையிலிருந்து கடை தானே எழுதிய இன்னொரு விலையைக் கழித்து வந்தது என்பது புரியும். நமக்காக வாங்கிக்கொள்ளும் பொருளில் இந்தச் சேமிப்பின் சாயம் சில வாரங்களில் வெளுத்துவிடும். சட்டை சுருங்கினாலோ, மின்விசிறி இரைச்சல் போட்டாலோ அடுத்த முறை அந்தப் பக்கமே போக மாட்டோம். பரிசாகக் கொடுக்கும் பொருளில் அப்படி எந்தப் பாடமும் நம்மிடம் திரும்பி வருவதில்லை. பெற்றுக்கொண்டவர் முகமலர்ச்சியுடன் நன்றி சொல்கிறார், உறையைப் பிரிக்கிறார், நன்றாக இருக்கிறது என்கிறார். அதன்பின் அந்தப் பொருள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறதா, அன்றாடம் கைக்கு வருகிறதா என்பது கொடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் அதே வகைப் பொருளை, அதே வகைச் சலுகையில், அதே மனநிறைவுடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கொடுத்த காசுக்குப் பொருள் தேறியதா என்ற கேள்வியைப் பரிசு விஷயத்தில் பெறுபவரின் பக்கத்திலிருந்துதான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்பது வாங்குபவருக்கும் கடைக்கும் இடையிலான விவகாரம். பெறுபவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அதனால் அவருக்கு ஆவதொன்றுமில்லை. பாதி விலைக்கு வாங்கிய ஒரு பொருளை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்றால், மிச்சம் பிடித்தது பாதி அல்ல, வீணாக்கியது பாதி.

இதைப் பொருளியலாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்பவர் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் பரிசு பெற்ற யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தப் பரிசுகளுக்குக் கொடுத்தவர்கள் எவ்வளவு செலவழித்திருப்பார்கள் என்று கேட்டார். உணர்வு சார்ந்த மதிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவை உங்களுக்கு எவ்வளவு பெறும் என்றும் கேட்டார். இரண்டு தொகைகளுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இடைவெளி இருந்தது. அதாவது, கொடுத்தவரின் கையிலிருந்து புறப்பட்ட மதிப்பில் அவ்வளவு பகுதி பெறுபவரின் கைக்கு வந்து சேரவே இல்லை. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இழப்புக் கணக்கோடு நின்றுவிடுவார்கள்; எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. நண்பர்களும் துணைவர்களும் கொடுத்த பரிசுகளில் இழப்பு மிகக் குறைவாக இருந்தது. அடிக்கடி பார்த்துப் பழகாத உறவினர்கள் கொடுத்தவற்றில் மிக அதிகமாக இருந்தது. பிறகு 1996-இல் வேறு இருவர் கேள்வியை மாற்றிக் கேட்டு, சராசரியாகப் பார்த்தால் பெறுபவர்கள் பரிசை அதன் விலையைவிடக் கூடுதலாகவே மதிக்கிறார்கள் என்று எழுதினார்கள். எந்தக் கணக்கு சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பெறுபவரின் அன்றாடத்தை அறிந்தவர் கொடுக்கும்போது பணம் நிற்கிறது, அறியாதவர் கொடுக்கும்போது கரைகிறது என்ற ஒரு செய்தி போதும். கடைக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

கொடுப்பவரின் மனக்கண்ணில் நிற்பது உறையைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் ஒரு வியப்பு வர வேண்டும், கூடியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் பெரிய பெட்டி, பளபளக்கும் வடிவம், இதுவரை யாரும் வாங்கித் தராத விநோதம் ஆகியவற்றை நோக்கிக் கை போகிறது. பெறுபவருக்கோ அந்த நிமிடம் கடந்த பிறகு மாதங்களும் ஆண்டுகளும் அந்தப் பொருளோடு இருந்தாக வேண்டும். இடம் கண்டுபிடிக்க வேண்டும், துடைக்க வேண்டும், மின்னேற்ற வேண்டும், கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போது எடுத்து வெளியே வைக்க வேண்டும். பரிசுகளைப் பற்றி உளவியலாளர்கள் செய்த பல ஆய்வுகளின் முடிவுகளை இந்த ஒரே வேறுபாட்டைக் கொண்டு விளக்கிவிடலாம் என்று 2016-இல் ஒரு கட்டுரையே வந்திருக்கிறது. விலை கூடினால் நன்றியும் கூடும் என்று கொடுப்பவர்கள் நம்புகிறார்கள், பெறுபவர்களின் நன்றியுணர்வுக்கும் விலைக்கும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கேட்டதையே வாங்கிக் கொடுத்தால் அக்கறை இல்லாததுபோல் தோன்றும் என்று கொடுப்பவர்கள் தயங்குகிறார்கள், பெறுபவர்களோ கேட்ட பொருள் கிடைத்ததையே கூடுதல் அக்கறையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2011-ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வு காட்டியது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அதிக விலை கொடுப்பதும் வியப்பூட்ட முயல்வதும் பெரும்பாலும் நம் மனநிறைவுக்கு நாம் கட்டும் தொகை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டுவிட்டு வாங்குவதே சிறந்தது என்று சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும்: கேட்டால் யார் சொல்கிறார்கள்? உங்களுக்கு என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேட்டால், ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும் என்ற பதில்தான் வரும். மரியாதை தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கேள்வியைப் பரிசிலிருந்து பிரித்து, வாழ்க்கையின் பக்கமாகத் திருப்பிக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். வீட்டில் எது மக்கர் செய்துகொண்டிருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போடுகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். மேசை விளக்கின் கழுத்து தானாகத் தொங்குகிறது, மடிக்கணினிப் பையின் பிடி பிய்ந்து ஊசிநூலால் தைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மழைக்கோட்டின் ஜிப் பாதியில் நின்றுவிடுகிறது என்று வரிசையாக வரும். இவை எல்லாமே அவர்கள் அன்றாடம் தொடும் பொருட்கள். தங்களுக்காகச் செலவழிக்க மனம் வராமல் சமாளித்துக்கொண்டிருப்பவை. அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து, அவர்கள் தாமாக வாங்கியிருக்கக்கூடியதைவிட ஒரு படி மேலான தரத்தில் வாங்கிக் கொடுப்பதைக் காட்டிலும் காசுக்குப் பயன் தரும் பரிசை நான் கண்டதில்லை. ஆண்டு முழுவதும் காதில் விழும் இத்தகைய வரிகளைக் கைப்பேசியில் அந்தந்தப் பெயருக்கு நேரே குறித்து வைத்துக்கொள்பவர்கள் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் கடை கடையாக அலைவதில்லை.

பலருக்கு ஒரே நேரத்தில் பரிசு வாங்கும்போது இன்னொரு தடுமாற்றம் நேர்கிறது. மூன்று பேருக்குமே ஒரு நல்ல குடை பயன்படும் என்று தெரிந்திருந்தும், மூவருக்கும் ஒன்றையே கொடுத்தால் சரியாக இருக்காது என்று நினைத்து, முதல்வருக்குக் குடையையும் மற்ற இருவருக்கும் அவ்வளவாகப் பயன்படாத வேறு இரண்டையும் வாங்கிவிடுகிறோம். பெறுபவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பே இல்லாதபோதுகூட வாங்குபவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. மூன்று குடைகளையே வாங்கலாம். நிறம் வேண்டுமானால் வேறாக இருக்கட்டும்.

இனி விலைக்கு வருவோம். அடித்துக் காட்டப்பட்ட பழைய விலைக்கு நம் மூளையின் மேல் இருக்கும் பிடி நாம் நினைப்பதைவிட வலிமையானது. 1974-இல் உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை விவரிக்கப்படுகிறது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு 25-ஐ ஒட்டியும், 65-இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு 45-ஐ ஒட்டியும் அமைந்தது. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்த விஷயம். ஆனாலும் முதலில் கண்ட எண் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. விலைச்சீட்டில் குறுக்குக்கோடு போட்ட எண் செய்யும் வேலையும் இதுவே. சக்கரம் குருட்டாம்போக்கில் நின்றதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது, இந்த எண்ணையோ விற்பவர் தேர்ந்தெடுத்து எழுதுகிறார்.

சட்டமே தலையிட வேண்டிய அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விலைக்குறைப்பு என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் அந்தப் பொருளுக்குத் தான் வைத்திருந்த மிகக் குறைந்த விலையையும் குறிப்பிட வேண்டும். பண்டிகைக்குச் சற்று முன்பாக விலையை ஏற்றி, பண்டிகையின்போது பழைய இடத்துக்கே இறக்கி, அதைத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்யும் தந்திரத்துக்கு எதிராக வந்த விதி அது. குறைந்தபட்ச விலையைச் சிறிய எழுத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டுவிட்டு, விழுக்காட்டை மட்டும் வேறொரு பெரிய விலையிலிருந்து கணக்கிட்டுக் காட்டலாமா என்று பிறகு ஒரு வழக்கு எழுந்தது. விழுக்காடும் அந்த 30 நாள் குறைந்தபட்ச விலையிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்துகொள்ளலாம். இணையக் கடைகளில் ஒரு பொருளின் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும் தளங்களும் உலாவி நீட்சிகளும் உள்ளன. அவை கிடைக்காத இடத்தில், வாங்க நினைக்கும் பொருளின் பக்கத்தை ஒரு மாதத்துக்கு முன்பே திரைப்பிடிப்பு எடுத்து வைத்தால் போதும். விற்பனைத் திருவிழா தொடங்கும் நாளில் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பது ஒரு தனிச் சுவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விழுக்காடுகளின் கூட்டலிலும் கண் வேண்டும். 50 விழுக்காடு தள்ளுபடி, அதற்கு மேல் 20 விழுக்காடு கூடுதல் தள்ளுபடி என்றால் 70 விழுக்காடு குறைந்ததாக மனம் கூட்டிவிடுகிறது. 100 என்ற விலை முதலில் 50 ஆகி, அந்த 50-இல்தான் 20 விழுக்காடு குறைந்து 40-இல் நிற்கும் என்பதால் உண்மையான குறைப்பு 60 விழுக்காடுதான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்று பொருட்கள் தேவைப்படுபவருக்கு மட்டுமே 33 விழுக்காடு தள்ளுபடி. ஒன்று மட்டும் தேவைப்படுபவருக்கு அது செலவை இரட்டிப்பாக்கும் அழைப்பு. இலவச விநியோகத்துக்கு இன்னும் இவ்வளவு பாக்கி என்று செயலி காட்டும்போது, விநியோகக் கட்டணத்தைவிட விலை கூடிய ஏதோ ஒன்றைத் தேடிச் சேர்ப்பதும் இதே ரகம். கேஷ்பேக் என்பது கையில் வரும் பணமா, அதே கடையில் குறிப்பிட்ட நாளுக்குள் செலவழிக்க வேண்டிய புள்ளிகளா என்பதையும் முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

பிளாக் ஃபிரைடே, 2009-இல் சீனாவில் இணைய விற்பனை நாளாகத் தொடங்கப்பட்ட நவம்பர் 11 போன்ற பெருவிற்பனை நாட்களை நான் வெறுத்து ஒதுக்குவதில்லை. உண்மையிலேயே விலை இறங்கும் பொருட்கள் அவற்றில் உண்டு; குறிப்பாக, புதிய வடிவம் வரப்போவதால் பழைய இருப்பைத் தீர்க்க விரும்பும் மின்னணுப் பொருட்கள். ஆனால் தொலைக்காட்சி போன்ற பொருட்களில் விற்பனைக் காலத்துக்கென்றே தயாரிக்கப்படும் மாடல்களும் வருகின்றன. பெயரும் தோற்றமும் வழக்கமான மாடலைப் போலவே இருக்கும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் இணைப்புத் துளைகளில் ஒன்று குறைந்திருக்கும், அல்லது திரையின் தரம் ஒரு படி இறங்கியிருக்கும். ஆகவே மாடல் எண்ணை முழுமையாக, கடைசி எழுத்துவரை ஒப்பிட வேண்டும். வேறெங்கும் மதிப்புரையே காணப்படாத மாடல் எண் ஒன்று பெருந்தள்ளுபடியில் கிடைத்தால், அதை வாங்காமல் விடுவதால் யாருக்கும் நட்டமில்லை.

பரிசாக அதிகம் கைமாறும் பொருட்களில் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் மட்டுமே பொருளைப் படிக்க முடியும். பவர் பேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 மில்லிஆம்பியர்-மணி என்று முகப்பில் பெரிதாக இருக்கும். அது உள்ளே இருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்பட்ட கொள்ளளவு. கைப்பேசிக்கு அது 5 வோல்ட்டாக உயர்த்தப்பட்டுத்தான் வெளியே வருகிறது. அந்த மாற்றத்தில் 10,000 என்பது 7,400 ஆகிறது, மாற்றும்போது வெப்பமாகப் போவதையும் கழித்தால் 6,000 முதல் 6,500 வரைதான் கைக்கு வரும். நாணயமான தயாரிப்பாளர் இந்த இரண்டாவது எண்ணையும் பொருளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார். உள்ளங்கைக்குள் அடங்கி, இறகுபோல் எடையற்று, 50,000 என்று எழுதிக்கொண்டு மலிவாகக் கிடைப்பதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பொடி எழுத்து பெரும்பாலும் இருக்காது. மின்கலத்தின் கொள்ளளவு எடையோடு சேர்ந்தே வளர்வது; அதைக் கையில் தூக்கிப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

கைக்கடிகாரத்தின் முகப்பில் 30 மீட்டர் நீர்த்தடுப்பு என்று இருந்தால் அதைக் கட்டிக்கொண்டு நீந்தலாம் என்று பொருளில்லை. கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் தூறலையும் தாங்கும் என்பதே அதன் பொருள். அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்துச் சொன்ன அளவு அது. நீச்சல் பழகும் ஒருவருக்கு வாங்குவதாக இருந்தால் 100 மீட்டர் என்று போட்டதைப் பார்ப்பதே பாதுகாப்பு. படுக்கை விரிப்பு உறைகளில் நூல் எண்ணிக்கை என்று ஓர் எண் மின்னும்; ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இழைகளின் எண்ணிக்கை அது. இரண்டு மெல்லிய நூல்களை முறுக்கி ஒரே இழையாக்கி, அதை இரண்டாக எண்ணி, 300-ஐ 600 என்று எழுதிவிடும் வழக்கம் உண்டு. அந்த எண்ணை மறந்துவிட்டு, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவு சீராக இருக்கிறதா என்று பார்ப்பதும், பருத்தி எத்தனை விழுக்காடு என்று ஓரத்துச் சீட்டில் படிப்பதும் அதைவிட நம்பத் தகுந்தவை. எவர்சில்வர் தண்ணீர்க் குடுவையின் அடியில் 18/8 என்றோ 304 என்றோ பொறித்திருந்தால் அது சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த, எளிதில் துருப்பிடிக்காத வகை. பையாக இருந்தால் முகப்பை விட்டுவிட்டு, தோள்பட்டை வார் பையோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் தைத்திருக்கிறார்களா, ஒற்றைத் தையலோடு விட்டிருக்கிறார்களா என்பதிலேயே பையின் ஆயுள் இருக்கிறது. ஜிப்பை இருபுறமும் சில முறை இழுத்துப் பாருங்கள், மூலை திரும்பும் இடத்தில் சிக்கினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பரிசுத் தொகுப்புகள் என்று அலங்காரப் பெட்டியில் அடுக்கி விற்கப்படுபவை மீது எனக்கு நீண்ட நாள் மனத்தாங்கல் உண்டு. சோப்பும் வாசனைத் திரவியமும் மெழுகுவத்தியும் அடங்கிய அப்படிப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், மேலே செலோபேன் தாள், அதன் கீழே சுருள் காகிதம், அதற்கும் கீழே குழி வெட்டிய பிளாஸ்டிக் தட்டு, அந்தக் குழிகளில் விரல் அளவுப் புட்டிகள். தட்டைத் தூக்கினால் பெட்டியின் பாதி உயரம் வெறும் காற்று. உள்ளே இருப்பவற்றின் மில்லிலிட்டர்களைக் கூட்டி, அதே நிறுவனத்தின் வழக்கமான புட்டியின் விலையோடு மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பிட்டால் பெட்டிக்கும் காற்றுக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். பெறுபவருக்குப் பிடித்த ஒன்றை முழு அளவில் வாங்கி எளிய தாளில் சுற்றிக் கொடுப்பதற்கு அதைவிடக் குறைவாகவே செலவாகும். ஆனால் முகப்பூச்சு வகைகளில் திறந்த டப்பா வடிவக் குறியும் அதற்குள் 12 எம் போன்ற எழுத்தும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. ஏற்கெனவே இரண்டு புட்டிகளைத் திறந்து வைத்திருப்பவருக்கு மூன்றாவது பெரிய புட்டி சுமைதான்.

பணமாகக் கொடுத்துவிடலாமே என்ற கேள்விக்கு என் பதில், சிலருக்கு அதுவே சிறந்தது என்பதுதான். தொலைவில் இருப்பவர், புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர், படிப்புக்காக வெளியூர் போகும் இளைஞர் ஆகியோரின் தேவையை நாம் ஊகிப்பதைவிட அவர்களே அறிவார்கள். பணத்துக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கும் பரிசு அட்டைகளைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை. எந்தக் கடையிலும் செல்லும் பணத்தை ஒரே கடையில் மட்டும், சில நேரங்களில் ஒரு தேதிக்குள் மட்டும் செல்லும் பணமாக மாற்றிக் கொடுக்கிறோம். செலவழிக்கப்படாமல் மறக்கப்படும் மீதித் தொகைகள் விற்றவருக்கே லாபமாகப் போகின்றன. பொருளாக அல்லாமல் அனுபவமாகக் கொடுப்பதற்கு, அதாவது கச்சேரி நுழைவுச்சீட்டு, மட்பாண்டப் பயிற்சி வகுப்பு, ஒரு நாள் வெளியூர்ப் பயணம் போன்றவற்றுக்கு ஆதரவாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. அத்தகைய பரிசுகள் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவைப் பொருட்களைவிட அதிகம் வலுப்படுத்துகின்றன, இருவரும் சேர்ந்து அனுபவிக்காதபோதும்கூட, என்பது அதன் முடிவு. ஒரே ஒரு நிபந்தனை: தேதியை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த தேதியோடு வரும் அனுபவம் பரிசல்ல, கடமை.

முன்கூட்டியே வாங்குங்கள் என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறார்கள். விலைக்கு அது சரி. காலக்கெடுக்களுக்கு அது சில நேரம் பகை. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் உத்தரவாதக் காலமும் பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்து அல்லது பொருள் வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகின்றன, உறை பிரிக்கப்படும் நாளிலிருந்து அல்ல. மூன்று மாதம் முன்பு வாங்கி மறைத்து வைத்த ஹெட்ஃபோனின் ஓராண்டு உத்தரவாதத்தில் கால்வாசி, அதைக் காதில் மாட்டுவதற்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும். பழுதுள்ள பொருளாக இருந்தால் மாற்றிக்கொள்ளும் நாட்களும் கடந்திருக்கும். மின்னணுப் பொருள் என்றால் வாங்கியவுடன் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டுச் சுற்றுவதை நான் மரியாதைக் குறைவாகக் கருதவில்லை. ரசீதை என்ன செய்வது என்பதும் இங்கேதான் வருகிறது. விலை அச்சிடாத பரிசு ரசீதைப் பல கடைகள் கேட்டால் தருகின்றன. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அளவு பொருந்தாத சட்டையை மாற்றிக்கொள்ள அவர் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. இணையச் சந்தைகளில் வாங்கும்போது, தளத்தின் பெயரை மட்டும் பாராமல் விற்பவரின் பெயரையும் பாருங்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெறாத விற்பனையாளரிடம் வாங்கிய பொருளுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். அந்த அலைச்சல் பரிசு பெற்றவரின் தலையில் விழும்.

குழந்தைகளுக்கு வாங்கும் பொம்மைகளில் 3 வயதுக்குமேல் என்ற குறிப்பைப் பலர் அறிவுத்திறனுக்கான அளவு என்று எண்ணி, எங்கள் குழந்தை சுட்டி என்று சொல்லி மீறிவிடுகிறார்கள். அது தொண்டையில் சிக்கக்கூடிய சிறு உறுப்புகள் இருப்பதற்கான எச்சரிக்கை. பொத்தான் அளவு மின்கலம் உள்ள பொம்மை என்றால் அதன் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும் பொருள் அது. இந்த ஒரு விஷயத்தில் மலிவு பார்க்கவே கூடாது.

மொத்தச் செலவை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதற்குப் பெயர்ப் பட்டியலைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் மொத்தத் தொகை, பிறகு பெயர்கள், அதன்பின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொருள். தள்ளுபடி விளம்பரத்தைத் திறப்பது அதற்குப் பிறகுதான். வரிசை தலைகீழானால், முதலில் மலிவான பொருளைப் பார்த்துவிட்டு இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆள் தேடும் நிலை வரும். மேல்தட்டுக்குப் போகும் பரிசுகளில் பெரும்பாலானவை பிறப்பது அப்படித்தான். வட்டியில்லாத் தவணை என்பதும் இதே பட்டியலைக் குலைக்க வல்லது, ஏனென்றால் மாதத் தொகை சிறிதாகத் தெரியும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள பொருள் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, முழுப் பணமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டால் அந்த வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுற்றும் தாளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். நெருங்கிய நண்பர்களுக்குள், மடிப்புக் கலையாமல் நேர்த்தியாகச் சுற்றிய பரிசைவிட ஏனோதானோவென்று சுற்றிய பரிசு பெறுபவருக்கு அதிகம் பிடித்துப்போகிறது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நேர்த்தியான உறை எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது, உள்ளே இருப்பது அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது என்பது காரணம். அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களிடம் மட்டும் உறையின் நேர்த்தி நம் மரியாதையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கையில் பசைநாடா ஒட்டிக்கொண்டு அல்லாடும் என் போன்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

நமக்கு வந்து பயன்படாமல் கிடக்கும் பொருளை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்பதில் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. 2012-இல் இதையும் ஆராய்ந்தார்கள். தங்கள் பரிசு கைமாறியது தெரிந்தால் முதலில் கொடுத்தவர்கள் மிகவும் புண்படுவார்கள் என்று பெற்றவர்கள் நினைக்கிறார்கள். கொடுத்தவர்களைக் கேட்டால், அது இனி அவர்களுடையது, அவர்கள் விருப்பம் என்று பெரும்பாலும் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிரிக்காத பெட்டியில் தூசி தின்னும் பொருளைத் தேவைப்படும் ஒருவர் கைக்குச் சேர்ப்பது, முதலில் அதற்குச் செலவான பணத்துக்கும் ஒரு பயனைக் கொண்டுவந்துவிடுகிறது. அதில் கவனிக்க வேண்டியவை சில்லறை விவரங்கள்தான்: முதலில் கொடுத்தவரும் இப்போது பெறுபவரும் ஒரே கூட்டத்தில் சந்தித்துக்கொள்பவர்களாக இருக்கக் கூடாது, காலாவதித் தேதியைப் பார்த்துவிட வேண்டும், பெட்டியின் மூடிக்கு உட்புறம் நம் பெயர் எழுதி ஒட்டிய வாழ்த்துச் சீட்டு இன்னும் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட வேண்டும்.